வெயில் இருக்கும்வரை

சீனக் கிராமம் ஒன்றில், பான் வம்சத்து முன்னோர் கோயில் முற்றத்தில் வெயில் ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. பூச்சி அரிக்காமலிருக்க, பிறப்பு இறப்பெல்லாம் எழுதிய வம்ச ஏட்டை ஆண்டுக்கு ஒருநாள்தான் வெயிலில் விரிப்பார்கள். வெயில் விலகினால் மூடிவிட வேண்டும். ஏட்டைக் காக்கும் கசாப்புக்காரர் பான் யோங்ஃபா மேசையை வெயிலின் பின்னாலேயே இழுத்துப் போகிறார். ஆய்வாளர் செங் ருய்லான் குனிந்தபடி கூடவே நகர்ந்து, பழைய வெள்ளத்தில் செத்தவர்களின் பெயர்களை எழுதிக்கொள்கிறாள். மாவட்ட வரலாற்றில் அந்த வெள்ளத்துக்கு ஒரே வரிதான். அதில் பெயர்கள் கிடையாது. சிள்வண்டுகள் கத்துகின்றன. காகிதத்திலிருந்து கற்பூரமும் பூசணமும் கலந்த வாசனை எழுகிறது. “செத்தவங்க எங்கயும் ஓடிர மாட்டாங்க டீச்சர். அடுத்த வருஷம் வாங்களேன்” என்கிறார் யோங்ஃபா. “அதுவரைக்கும் கரையான் விட்டு வைக்குமா அண்ணே?” “எங்க ஊர்க் கரையான் உங்களாட்டம் அவசரப்படாது.” வெயில் மேசையை விட்டுச் சுவரில் ஏறுகிறது. இன்னும் ஒரு பக்கம் மிச்சமிருக்கிறது. அவள் பேனாவை மூடுகிறாள். யோங்ஃபா ஏட்டை மூடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, விரித்த ஏட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார். தாள் மஞ்சளாக ஒளிர்கிறது. “இப்பவும் வெயில்லதான இருக்கு? சட்டுனு எழுதுங்க, கை கடுக்குது.” அவள் பேனாவைத் திறந்து, முக்காலியில் ஏறி, அந்தப் பக்கத்தின் முதல் பெயரை வாய்விட்டுப் படிக்கிறாள்.