கிளிப் டப்பா

“வினோதினி, சுபஸ்ரீயோட கிளிப் டப்பாவ எடுத்து மேல் தட்டுல வை.”

சூப்பர்வைசர் காஞ்சனா இப்படிச் சொன்னதும் லைனில் இருந்த அத்தனை பேருக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

“மேடம், தோள்ல தசைநார் கிழிஞ்சு, லீவு முடிஞ்சு இப்பத்தான் வந்துகீறா. கைய மேல தூக்கினா வலிக்குதுன்றா.”

“தெரியும். வை.”

ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனி அது. சுபஸ்ரீ திரும்ப வேலைக்கு வந்த அன்று டப்பா இடுப்பு உயரத்தில் இருந்தது. பிறகு நெஞ்சு உயரம். அப்புறம் தோள் உயரம். இப்போது தலைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் அவளேதான் அதை இறக்கி ஏற்ற வேண்டும். போதாததற்கு, டப்பாவில் வயரைப் பிடிக்கும் கிளிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது.

மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் பார்ப்பார். கை தலைக்கு மேல் போகவில்லை என்றால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். சுபஸ்ரீ வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான்.

“இன்னா பொம்பள இது! உன் கைய ஒரேடியா ஒடிச்சு வூட்டுக்கு அனுப்பப் பாக்குது” என்று கேன்டீனில் பொரிந்தாள் வினோதினி. “தான் மட்டும் ஒரு துரும்ப எடுத்துப் போடாது. காலைல எக்சர்சைஸ்ல கூட மகாராணி மாதிரி கையக் கட்டிக்கினு நிக்குது.”

அது உண்மைதான். ஷிஃப்ட் தொடங்கும் முன் மொத்த லைனும் வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்கும். காஞ்சனா மட்டும் கட்டிய கையை எடுக்கவே மாட்டாள்.

டாக்டர் பார்ப்பதற்கு முந்தின நாள், சுங்குவார்சத்திரத்தில் பிசியோதெரபி பார்க்கும் ரகுபதியிடம் போனாள் சுபஸ்ரீ.

“கையத் தூக்கும்மா.”

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். கை காதை ஒட்டி நேராகப் போனது. லேசாக இழுத்தது, அவ்வளவுதான். இத்தனை நாள் காஞ்சனாவைத் திட்டிக்கொண்டே டப்பாவை ஏற்றி இறக்கியதில், வலி எப்போது குறைந்தது என்று அவள் கவனிக்கவே இல்லை.

“சபாஷ்! நான் குடுத்த ரப்பர் பட்டையை தினமும் ஜன்னல் கம்பில கட்டி இழுத்தியா?”

சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். கம்பியில் கட்டியது நிஜம். ஓவர்டைம் முடிந்து வந்த பிறகு இழுக்கத் தெம்பு ஏது? வினோதினியோடு தங்கியிருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரூமில் அந்தப் பட்டை இப்போது துணி காயும் கொடி.

“இழுக்கவே இல்ல சார்.”

ரகுபதி சிரித்துவிட்டார். “தெரியும்மா. உங்க சூப்பர்வைசர் வந்து சொன்னாங்க. எப்ப எந்த உயரம், எவ்வளவு வெயிட்டுன்னு ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டுத்தான் உன் டப்பாவ மாத்தினாங்க.”

மறுநாள் டாக்டர் பார்த்தார். தகுதி என்று சொல்லிவிட்டார். சுபஸ்ரீ நேராகக் காஞ்சனாவிடம் ஓடினாள். கண் கலங்கியிருந்தது.

“ஏன் மேடம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா செஞ்சிருப்பியா? ரப்பர்ல சுடிதார் காயுதுன்னு வினோதினிதான் ஊருக்கே சொல்லிச் சிரிச்சாளே.”

“அதுக்காக, இவ்ளோ திட்டு வாங்கிக்கினு...”

காஞ்சனா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். அது நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

“நானும் இதே லைன்ல இருந்தவதான். எனக்குத் தோள் போனப்ப, டப்பாவ மாத்தி வைக்க ஆளு இல்லம்மா.”



அடுத்த வாரம் ஒரு நாள், காஞ்சனாவின் தண்ணீர் பாட்டிலை மேசையில் காணோம். சுற்றுமுற்றும் தேடினாள். நெஞ்சு உயரத் தட்டில் இருந்தது.

“யாரு இத அங்க வச்சது?”

“நான்தான்க்கா” என்றாள் சுபஸ்ரீ. “ரகுபதி சாரைக் கேட்டுட்டுத்தான் வச்சேன்.”