ஐந்நூற்றைம்பது

கடிதத்தில் 500 என்றுதான் இருந்தது.

கதிர்காமநாதன் ஐயா வீட்டு அலுமாரியை நானும் அவர் வயலில் என்னோடு வேலை செய்யும் சங்கிலியும் முற்றத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் மகள் ஜெகதீஸ்வரிக்குக் கலியாணம், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். படியில் அலுமாரி சரிந்தது. லாச்சி திறந்து காகிதங்கள் கொட்டின.

அதற்குள் கழுகுப் படம் போட்ட முத்திரையோடு ஒரு நீளக் கடித உறை.

எனக்கு அதைத் தெரியும். போன வருஷம் அமெரிக்கக் கல்லூரியிலிருந்து என் மகள் சிவலட்சுமிக்கு வந்தது.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைத் தோட்டத்தில் அடிவாங்கிக் கிளிநொச்சிக்கு வந்தவர்கள் நாங்கள். வாய்க்கால்கரைக் குடிசைகளுக்கு ஏது விலாசம்? எங்கள் கடிதமெல்லாம் ஐயா வீட்டுக்குத்தான் வரும். அவரே உடைப்பார். அவரே வாசித்துச் சொல்வார்.

சிவலட்சுமியும் ஜெகதீஸ்வரியும் ஒரே வகுப்பு. ஒரு பாதிரியார் சொல்லி இரண்டு பேரும் அந்தக் கல்லூரிக்கு எழுதிப் போட்டார்கள். படிப்பும் சாப்பாடும் இலவசம். டோஃபல் என்று ஒரு ஆங்கிலப் பரீட்சை மட்டும் எழுத வேண்டும் என்றார்கள். கொழும்புக்கு நான்தான் இரண்டு பேரையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன்.

என் மகளுக்கு 523. ஐயாவின் மகளுக்கு 487.

அது போதுமா, போதாதா? பள்ளிக்கூடத்தில் கேட்டோம். அவர்களுக்கும் தெரியவில்லை. கல்லூரி எழுதும் என்று காத்திருந்தோம்.

கடிதம் வந்த அன்று நான் இதே முற்றத்தில் நின்றேன். ஐயா கதிரையில் இருந்தபடி அதையும் தன் மகளுக்கு வந்ததையும் தானே உடைத்து வாசித்தார்.

"ஐந்நூற்றைம்பது வேணுமாம், மாயாண்டி. ரெண்டு பெட்டையளுக்கும் காணாது."

போதாது என்றால் போதாதுதான் என்று நான் தலையாட்டினேன். கடிதத்தைத் தாருங்கள் என்று கேட்கவில்லை. ஆங்கிலக் காகிதம் அவர் வீட்டில் இருப்பதுதானே முறை என்று நினைத்தேன். வீட்டில் மகள், "கடுதாசி எங்கப்பா?" என்றாள். ஐயாவிடம் இருக்கிறது என்றேன். போய்க் கேட்க அவளுக்கு வெட்கம். அன்றைக்கு ஜெகதீஸ்வரி அழ, என் மகள்தான் அவளைக் கட்டிப்பிடித்துத் தேற்றினாள்.

நாற்பது வயதில் மகளிடம் எழுத்துப் படித்தவன் நான். ஆங்கிலம் வராது. இலக்கம் வரும்.

அலுமாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உறையைப் பொறுக்கிப் பிரித்தேன். முதல் பக்கத்தில் 523 இருந்தது. அடுத்த வரியில் 500. இரண்டு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். 550 எங்குமே இல்லை.

"என்னடாப்பா, இங்கிலீசோ வாசிக்கிறாய்? தலைகீழாப் பிடிச்சிருக்கிறியோ எண்டு பார்!" என்றார் ஐயா. சங்கிலி சிரித்தான்.

"இலக்கம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே ஐயா. இதுல ஐந்நூறுன்னு போட்டிருக்குங்க."

"அது காசுக் கணக்கு."

"காசுன்னா 523-க்குப் பக்கத்துல ஏங்க நிக்குது?"

ஐயா வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஜெகதீஸ்வரியின் வளையல் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கத்தாதை. அவளுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் காணாது எண்டாப் பிள்ளை தாங்குவாள். உன்ரை பெட்டைக்குக் கிடைச்சுது, தனக்கு இல்லை எண்டா எப்பிடித் தாங்குவாள்? நீயும் பெட்டை பெத்தவன்தானே, விளங்காதோ?"

விளங்கியது. நன்றாக விளங்கியது. எட்டுப் போகம் இவர் வயலில் குனிந்திருக்கிறேன். என் முதுகில் ஏறி நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். இந்த மனிதன் என் பிள்ளையின் தலையிலல்லவா ஏறி நின்றிருக்கிறான்.

அவரை நான் அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும். என்னையும் சேர்த்து அடித்திருக்க வேண்டும், அன்றைக்குக் கை நீட்டி அந்தக் காகிதத்தைக் கேளாததற்கு.

அலுமாரியின் ஒரு பக்கம் சங்கிலியின் கையில் இருந்தது. மறுபக்கம் என் தோளில். நான் தோளை எடுத்தேன்.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு ஜெகதீஸ்வரி ஓடி வந்தாள். கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியும், வாசிக்கட்டும்.

பிறகு தெருவில் இறங்கி நடந்தேன்.

இதை இனி சிவலட்சுமிக்கு எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் குவைத்துக்குப் போய் எட்டு மாதம். ஒரு வீட்டில் கோப்பை கழுவுகிறாள், கக்கூசு கழுவுகிறாள், பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடமும் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வீட்டுக்காரி அவளுடைய ஆங்கிலம் தாராளமாய்க் காணும் என்று சொன்னாளாம்.