நாற்காலியில் தொங்கிய குடை

அரசாங்க அலுவலகம் ஒன்றில், காலி நாற்காலியின் முதுகில் ஒரு கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலோ மழையோ அதைத் தொட்டதே இல்லை. மின்விசிறி வேறு அதற்கென்றே சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரே மேஜையில் காலையிலிருந்து ஒரு மனு கிடந்தது. ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் தமயந்தி என்ற பெண்ணின் காலேஜ் சீட் போய்விடும்.

“சார் வந்துட்டாரா?” என்று மனு கேட்டது.

“என்னைப் பார்த்தா தெரியலையா? குடை இருந்தா சார் இருக்கார்னு அர்த்தம்” என்றது குடை.

“அப்போ நீங்களே ஒரு கையெழுத்துப் போடுங்களேன்.”

குடைக்குக் கோபம் வந்துவிட்டது. “வந்திருக்கிறது மட்டும்தான் என் வேலை. கையெழுத்தும் போடணும்னா, அதுக்குத் தனியா இன்னொரு குடையை நியமிக்கச் சொல்லு.”

மத்தியானம் யார் யார் சீட்டில் இருக்கிறார்கள் என்று பார்க்க மேலதிகாரி வந்தார். குடையைக் கண்டு திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐந்து மணி அடித்தது.

“அந்தப் பொண்ணோட சீட் போச்சே” என்று மனு அழுதது.

“அதுக்கு என்னை எதுக்குக் குறை சொல்றே?” என்றது குடை. “மூணு வருஷமா நான் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. வீட்டுக்குக்கூடப் போனதில்லை.”