மூளி வால்

பக்கத்துப் படகுக்காரனை நான் மீசை என்றுதான் சொல்வேன். இரண்டு பேருக்கும் ஒரே தொழில். சுற்றுலா வருகிறவர்களை உப்பங்கழிக்கு அழைத்துப் போய், மெல்லிய தூண்டிலில் இறகால் செய்த போலிப் பூச்சியைக் கட்டி மீன் பிடிக்க வைப்போம். மாட்டியதும் ஒரு போட்டோ. பிறகு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

மீசையின் கடைச் சுவரில் நாற்பது போட்டோ. அத்தனையிலும் கொடுவா மீன், சின்னதும் பெரிதுமாக. என் சுவரில் காலண்டர்தான் தொங்குகிறது.

"நம்ம படகுல வந்தவங்க ஒருத்தராவது ரெண்டாவது தடவை வந்திருக்காங்களா?" என்றாள் மனைவி. வயிறு எரிந்தது.

அவன் இல்லாத நேரம் பார்த்து அந்தச் சுவரைத் துருவி ஆராய்ந்தேன். எல்லா மீனுக்கும் வாலின் மேல்நுனி மூளி. நாற்பது படத்திலும் ஒரே மீன்.

மாட்டினான் என்று துள்ளிக்கொண்டு, மறுநாள் காலையில் அவன் படகுக்காகக் காத்திருந்த பெரியவரிடம் போட்டுக் கொடுத்தேன்.

"ஏமாந்துடாதீங்க சார். அவன்கிட்ட இருக்கறது ஒரே மீன். அதையே எல்லாருக்கும் பிடிச்சுக் காட்டறான்."

"தெரியுமே," என்றார் அவர். "நாலு வருஷம் முன்னாடி என் தூண்டில்ல மாட்டினப்ப இத்தனூண்டு இருந்துது. நான்தான் தண்ணில விட்டேன். எவ்வளவு வளந்திருக்குன்னு பாக்கத்தான் வருஷா வருஷம் வரேன்."

பின்னால் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். "நாங்களும் அதுக்குத்தான் வந்திருக்கோம்."

அன்றோடு மீசைமேல் இருந்த பொறாமை போய்விட்டது. இப்போது வயிறு எரிவதெல்லாம் அந்த மீனை நினைத்துத்தான்.