மங்கிய முகப்பு விளக்கு

“இன்ஸ்பெக்டராம் இன்ஸ்பெக்டர்! நாற்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். எனக்கே ரோடு தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.”

“ரோடு தெரியாதுன்னு எழுதலைப்பா. விளக்கு மங்கல்னுதான் எழுதியிருக்கு” என்றாள் மகள். ஷெட்டில் நின்ற காருக்கு முன்னால் முட்டி போட்டு, பெயிண்டில் கீறல் விழாதபடி விளக்கைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், மூன்று தினுசு உப்புத்தாள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவளே அலைந்து வாங்கி வந்தவை.

வெள்ளிக்கிழமை நடந்த வாகனச் சோதனையில் அப்பாவின் கார் தேறவில்லை. முன்விளக்கு இரண்டும் பழுப்பேறி, பாலாடை படிந்த மாதிரி இருந்தன. நாளையோடு பழைய சான்றிதழ் முடிகிறது. செவ்வாய்க்கிழமை அம்மாவை முழங்கால் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். ஆபரேஷன் ஆன காலோடு அவளால் பஸ் ஏற முடியாது.

அதை நினைத்தே மகளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தாளை நனைத்துத் தேய்த்தாள். மஞ்சளாகத் தண்ணீர் வழிந்தது. துடைத்துப் பார்த்தால், விளக்கு முன்னைவிட வெளுத்திருந்தது.

“போச்சு! அரைக்குருடா இருந்ததை முழுக்குருடாக்கிட்டியே!”

“முதல்ல அப்படித்தான் இருக்கும்பா. இன்னும் நைஸான தாள்ல தேய்ச்சா தெளிஞ்சிடும். நீங்க அந்த விளக்கைப் பாருங்க.”

அப்பா முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கை தேய்த்தது, வாய் ஓயவில்லை.

“ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். என் முகத்தைக்கூடப் பார்க்கலை. குனிஞ்ச தலை நிமிராம கிறுக்கி நீட்டிட்டாங்க.”

“பார்த்திருந்தா எழுதக் கை வந்திருக்காதோ என்னவோ.”

“ஓஹோ, மனசுன்னு ஒண்ணு இருக்குங்கறியா?”

“மெதுவாப் பேசுங்கப்பா. அந்த இன்ஸ்பெக்டர் காதுல விழுந்தா?”

“விழட்டும்! நல்லா விழட்டும்!”

ஜன்னலில் அம்மா சிரித்தாள். “திட்டினது போதும், தேய்ங்க. போன வாரம் இருட்டுற நேரத்துல எதிர்ல வந்த சைக்கிளை, நான் கத்தின பிறகுதானே பார்த்தீங்க?”

அப்பா குனிந்து வேகமாகத் தேய்த்தார்.

மூன்றாவது தாளும் முடிந்தது. பாலிஷ் தடவித் துணியால் தேய்க்கத் தேய்க்க, மங்கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி உள்ளே பல்பு பளிச்சென்று தெரிந்தது. மேலே ஒரு பூச்சு பூசிக் காயவிட்டு, அப்பா சுவிட்சைப் போட்டார். எதிர்ச் சுவரில் இரண்டு ஒளி வட்டங்கள் கண்ணைப் பறித்தன. அதையே பார்த்தபடி நின்றார்.

இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தாள் மகள். டேப்பைச் சுருட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “நாளைக்குச் சோதனையில நீங்க பக்கத்து வரிசைக்குப் போயிடுங்கப்பா. அங்கே கூட்டமே இருக்காது.”

“வெள்ளிக்கிழமையும் அது காலியாத்தான் கிடந்துச்சு” என்றார் அப்பா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். “வேலையில சேர்ந்த முதல் நாளாச்சே, இன்ஸ்பெக்டர் உடுப்புல என் பொண்ணு எப்படி இருக்கான்னு கிட்ட நின்னு பார்க்கத்தான் உன் வரிசைக்கு வந்தேன்.”