சுரண்டிய எழுத்து

"கட்டுரையில என்ர பேர் மட்டும்தான் வரவேணும், சேர்." படிப்பிக்கிறவையிட்ட இதை மட்டும் கேட்டுப்போடாதை என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதை, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த துர்க்கா கேட்டுவிட்டு நிற்கிறாள். ரொறன்ரோவின் பனிவெளிச்சம் பேராசிரியர் குகநேசனின் மேசையில் சரிந்து கிடக்கிறது. அவளுடைய மடிக்கணினித் திரையில் வேல்ஸ் நாட்டுத் துறவிமடம் ஒன்றின் எண்ணூறு வருடப் பழைய சாசனம். மடத்தை நிறுவியவரின் பெயர் அழிந்துபோய், மடோக் என்பவரின் பிள்ளை என்பது மட்டும் மிச்சம். அந்த இலத்தீன் சொல்லில் மகனா மகளா என்று சொல்லும் கடைசி எழுத்தை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். குகநேசன் தன் புத்தகத்தில் மகன் என்றே எழுதிவிட்டார். துர்க்கா திரையிலுள்ள படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து இருட்டாக்குகிறாள். சுரண்டிய இடத்தில் அழிந்த எழுத்தின் மயிரளவு கோடொன்று எழுந்து வருகிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்க்கிறார். காது சிவக்கிறது. "ஓம், மகள்தான். என்ர பேரை முதல்ல போடுவம், பிள்ளை. உன்னை ஆருக்குத் தெரியும்?" "இவவையும்தான் எண்ணூறு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாது, சேர்." அவர் சிரிக்கப் பார்க்கிறார், சிரிப்பு வரவில்லை. துர்க்கா மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறாள். அவர் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் தான் எழுதிய கட்டுரை இன்றே தன் பெயரில் ஆய்விதழுக்குப் போகும் என்று படியேறும்போதே முடிவெடுத்திருந்தாள். மேலங்கியின் பொத்தானைக்கூடப் பூட்டாமல், கதவை அகலத் திறந்து, நிமிர்ந்து வெளியே நடக்கிறாள்.