வாசலுக்கு வந்த காளி

பிள்ளை வரம் கேட்டு ஜெயபாண்டி குலசை கோயில் தசராவுக்குக் காளி வேஷம் நேர்ந்திருந்தான். மாலை போட்டவர்கள் வீட்டில் தங்கக்கூடாதென்று வேஷக்காரர்கள் தங்கும் குடிலுக்குப் போய்விட்டான். மனைவி பொன்மணியும் வீட்டில் ஒருவேளைச் சோற்றோடு விரதமிருந்தாள்.

காளி முகமூடி போட்ட வேஷம் ஒன்று காணிக்கைக்கு வாசலில் வந்து நின்றது. பொன்மணி அதன் காலில் ஊற்றிய மஞ்சள் நீரில் கரிசல் மண் கரைந்ததும் கணவனின் கால் பெருவிரல் தழும்பு தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, வழக்கப்படி குறி கேட்டாள்.

“தாயே, எங்களுக்குப் பிள்ளை எப்போ?”

“உன் புருசனுக்குப் பிள்ளை சாத்தூர்ல இருக்குட்டி,” என்றது அவன் குரல்.

காளி எதிரே நிற்கும்போதே அவள் கைபேசி அடித்தது. அழைத்தது ஜெயபாண்டி.

“ஏட்டி, பக்கத்து ஊர்லதான் ஆடுதோம். சாயங்காலம் நம்ம வாசலுக்கு வாரோம்.”

கைபேசியில் அவன் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை “அப்பா” என்று அவனைக் கூப்பிட்டது.

“வர வேண்டாம். எங்க வீட்டுக்காரவிய வந்துட்டாவ,” என்று வைத்துவிட்டு, பொன்மணி காளியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.